ஒரே ஒன்றியம், 27 நாடுகள்: ஐரோப்பாவில் எது பொது, எது தனி?

கேள்வி: கொழும்பிலிருந்து கறுவாத் தூளும் கறுவா பிஸ்கட்டும் ஏற்றுமதி செய்யும் சிறிய நிறுவனம் எங்களுடையது. ஐரோப்பிய ஒன்றியம் என்றால் ஒரே சந்தை, ஒரே சட்டம் என்று நம்பித்தான் இறங்கினோம். ஆனால் ஜேர்மனியில் வாங்குபவர் ஒரு ஆவணம் கேட்கிறார், டென்மார்க்கில் வாங்குபவர் வேறொன்று கேட்கிறார், வரியும் ஆளுக்கொரு மாதிரி. இந்த வித்தியாசங்கள் காலப்போக்கில் மறைந்துவிடுமா? எது பொது, எது தனி என்று முன்கூட்டியே அறிய வழி உண்டா?

பதில்:

முழுமையாக மறையாது. சில மறையும், வேறு சில புதிதாக முளைக்கும். நெருங்குவதும் விலகுவதும் அங்கே ஒரே காலத்தில்தான் நடக்கின்றன. ஆனால் எங்கே எது நடக்கும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். சரக்கு எல்லை தாண்டும் இடத்தில் சட்டம் ஒன்றாகும். ஒரு நாட்டின் திறைசேரிப் பணமோ வாக்காளரின் வீட்டு விவகாரமோ சம்பந்தப்பட்டால் தனித்தனியாகவே நிற்கும். மூன்றாவதாக ஒரு வகை உண்டு: சட்டத்தின் எழுத்து ஒன்றுதான், ஆனால் அதை அமுல்படுத்தும் உத்தியோகத்தர்கள் 27 நாட்டவர்கள், ஆகவே கடைசிப் படியில் மறுபடி பிரிந்துவிடும். உங்கள் பிஸ்கட் மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் இந்த மூன்றாவது வகைதான். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அதிகாரம் யாரிடம் என்று பார்க்க வேண்டும். 2009 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் உடன்படிக்கை அதிகாரங்களை மூன்றாகப் பிரிக்கிறது. சுங்க ஒன்றியம், வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை, போட்டிச் சட்டம், கடல் மீன்வளப் பாதுகாப்பு, யூரோ நாடுகளின் நாணயக் கொள்கை ஆகிய ஐந்தும் ஒன்றியத்துக்கே உரியவை. உள்நாட்டுச் சந்தை, விவசாயம், சுற்றாடல், நுகர்வோர் பாதுகாப்பு, போக்குவரத்து, எரிசக்தி போன்றவை பகிர்ந்துகொண்டவை. கல்வி, கலாசாரம், சுகாதார சேவை போன்றவற்றில் ஒன்றியம் துணை நிற்கலாம், சட்டங்களை ஒன்றாக்கும்படி கட்டளையிட முடியாது.

நம் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தைப் படித்தவர்களுக்கு ஒதுக்கிய நிரல், ஒருங்கிய நிரல், மாகாண சபை நிரல் மூன்றும் உடனே ஞாபகம் வரும். அந்த ஒப்பீடு ஓரளவுக்குத்தான் உதவும். இங்கே கொழும்பு மாகாணத்துக்குக் கொடுத்தது. அங்கே நாடுகள் ஒன்றியத்துக்குக் கொடுத்தன, கொடுக்காதது எல்லாம் நாடுகளிடமே இருக்கிறது. வேண்டாம் என்றால் ஒன்றிய உடன்படிக்கையின் 50ஆம் உறுப்புரையின் கீழ் வெளியேறவும் முடியும், பிரித்தானியா வெளியேறியும் விட்டது. பகிர்ந்த துறைகளில் ஒன்றியம் ஒரு விடயத்தில் சட்டம் இயற்றிவிட்டால், அந்த அளவுக்கு நாடுகளின் கை கட்டப்படும். இயற்றாதவரை நாடுகளின் சட்டமே செல்லும். ஒரே துறைக்குள்ளேயே பொதுவும் தனியும் கலந்து கிடப்பதற்கு இதுதான் காரணம்.

ஒன்றியம் முழுமையாக ஒன்றாக நடந்துகொள்வதை இலங்கையர் நேரடியாகவே அனுபவித்திருக்கிறோம். ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற இறக்குமதித் தீர்வைச் சலுகை 2010 ஓகஸ்டில் நிறுத்தப்பட்டபோதும், 2017 மேயில் திரும்பக் கிடைத்தபோதும் எல்லா உறுப்பு நாடுகளிலும் ஒரே நாளில்தான் நடந்தது. இத்தாலிக்கு மட்டும் சலுகை விலையில் அனுப்பலாம் என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. 2015இல் நம் மீனுக்குத் தடை வந்து அடுத்த ஆண்டு நீங்கியதும் அப்படித்தான்.

அடுத்தது, சட்டம் எந்த வடிவில் வந்திருக்கிறது என்பது. ஒழுங்குவிதி, அதாவது ஏற்றுமதிக்காரர் பேச்சில் 'ரெகுலேஷன்', அதில் குறித்த நாளிலிருந்து எல்லா நாடுகளிலும் நேரடியாகச் சட்டம். பணிப்புரை, அதாவது 'டிரெக்டிவ்', அடைய வேண்டிய முடிவை மட்டும் சொல்லும். அதை ஒவ்வொரு நாடும் தன் பாராளுமன்றத்தில், தன் மொழியில், தன் சட்டமாக எழுத வேண்டும், வழக்கமாக இரண்டு வருட அவகாசத்துக்குள். பணிப்புரை என்று கண்டால் 27 பிரதிகள் இருக்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். அது குறைந்தபட்ச எல்லை வைக்கும் பணிப்புரையா, அதற்குமேல் போகக்கூடாது என்று தடுக்கும் பணிப்புரையா என்பதையும் பார்க்க வேண்டும். வேலை நேரப் பணிப்புரை முதல் வகை. கிழமைக்குச் சராசரி 48 மணித்தியாலம், வருடத்துக்கு நாலு கிழமை சம்பளத்துடன் லீவு என்பது அடித்தளம். பிரான்ஸ் அதன்மேல் 35 மணித்தியாலமும் ஐந்து கிழமையும் வைத்திருக்கிறது. இதைச் சட்ட மீறல் என்று யாரும் சொல்ல முடியாது.

ஒழுங்குவிதி என்றால் நிம்மதி என்று நினைத்துவிட வேண்டாம். உரையில் 'உறுப்பு நாடுகள் விரும்பினால்' என்ற சொற்றொடரைத் தேடுங்கள். அது வரும் இடமெல்லாம் ஓட்டைதான். 2018 மே 25 முதல் அமுலில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி உலகிலேயே மிக இறுக்கமான பொதுச் சட்டங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது. அதில்கூட, பெற்றோர் அனுமதி இல்லாமல் ஒரு பிள்ளை இணைய சேவையில் சேரும் வயதை 13க்கும் 16க்கும் இடையில் நாடே தீர்மானிக்கலாம் என்று விட்டார்கள். ஜேர்மனி 16, பிரான்ஸ் 15, ஸ்பெயின் 14, பெல்ஜியம் 13 என்று போயின.

இப்போது கறுவாவுக்கு வருவோம். கறுவாவில் இயற்கையாக இருக்கும் கூமரின் என்ற பொருள் அதிகமானால் ஈரலுக்குக் கெடுதி. 2008ஆம் ஆண்டின் 1334ஆம் இலக்க ஒழுங்குவிதி அதற்கு உச்ச அளவு வைக்கிறது. பாரம்பரியமாகவோ பருவகாலத்துக்கோ செய்யப்படும், லேபலில் கறுவாவைக் குறிப்பிடும் பேக்கரிப் பண்டங்களில் கிலோவுக்கு 50 மில்லிகிராம். மற்ற இனிப்புப் பேக்கரிப் பண்டங்களில் 15. காலையுணவுத் தானியங்களில் 20, டெசர்ட்டில் 5. எண்கள் 27 நாட்டுக்கும் ஒன்றுதான். ஆனால் பாரம்பரியப் பண்டம் எது என்று யார் தீர்மானிப்பது? அதை ஒழுங்குவிதி சொல்லவில்லை. 2013இல் டென்மார்க்கின் உணவு அதிகாரிகள், கறுவா பன் வருடம் முழுவதும் விற்கப்படுவது, ஆகவே 15தான் என்றார்கள். பக்கத்திலிருக்கும் சுவீடனில் அதே மாதிரியான பன் பாரம்பரியப் பண்டமாக எடுக்கப்பட்டு 50 அனுமதிக்கப்பட்டது. ஒரே சட்டம், ஒரே பண்டம், நடுவில் ஒரு பாலம், மூன்று மடங்குக்கும் மேல் வித்தியாசம். டேனிஷ் பேக்கரிக்காரர்கள் கொதித்தெழுந்ததில் ஆச்சரியமில்லை.

இதைக் கணக்காகப் பாருங்கள். சந்தையில் அதிகம் புழங்கும் வேறொரு கறுவா இனமான கசியாவில் கிலோவுக்கு ஏறத்தாழ 3000 மி.கி. கூமரின் இருக்கிறது என்று வைத்தால், 15 என்ற எல்லைக்குள் நிற்க ஒரு கிலோ பிஸ்கட்டில் 5 கிராமுக்கு மேல் கசியா போட முடியாது. 50 என்றால் 16 கிராம் வரை போகலாம். நம் இலங்கைக் கறுவாவில் கூமரின் மிகக் குறைவு. கிலோவுக்கு 100 மி.கி. என்றே எடுத்துக்கொண்டாலும், 20 கிராம் போட்ட பிஸ்கட்டில் 2 மி.கி. மட்டும். ஆகவே டென்மார்க் என்ன சொன்னாலும் சுவீடன் என்ன சொன்னாலும் உங்களைப் பாதிக்காது, கலப்படம் இல்லாதவரை. வெளியிலிருந்து வாங்கும் தூளில் கசியா கலந்திருந்தால் அங்கேதான் மாட்டுவீர்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் கூமரின் பரிசோதனை அறிக்கை வைத்திருங்கள். 2022 பெப்ரவரியில் 'சிலோன் சினமன்' என்ற பெயர் ஒன்றியத்தில் புவிசார் குறியீடாக, அதாவது அந்த இடத்துப் பண்டத்துக்கு மட்டும் உரிய பெயராக, பதிவானது, இலங்கைக்கு அப்படிக் கிடைத்த முதல் பெயர் அது. அந்தப் பாதுகாப்பும் 27 நாட்டுக்கும் பொது. இது நமக்குச் சாதகமான ஒருமைப்பாடு, நம்மவர்கள் போதியளவு பயன்படுத்துவதில்லை என்பது என் எண்ணம்.

லேபலிலும் இதே கதை. உணவுத் தகவல் ஒழுங்குவிதி பொது. சல்பைட் கிலோவுக்கு 10 மி.கி.க்கு மேல் இருந்தால் ஒவ்வாமைப் பொருளாகக் குறிப்பிட வேண்டும் என்பதும் பொது. கந்தகப் புகை பிடித்த கறுவாவில் இதை மறக்காதீர்கள். மொழியை மட்டும் விற்கும் நாடு தீர்மானிக்கும். பொதியின் முன்பக்கத்தில் உணவின் சத்துத் தரத்தைக் காட்டும் நிறக் குறியீடான நியூட்ரி ஸ்கோரை பிரான்ஸ் 2017இல் எடுத்தது, ஜேர்மனி 2020இல் எடுத்தது, இத்தாலியோ தன் ஒலிவ் எண்ணெய்க்கும் சீஸுக்கும் கெட்ட பெயர் வரும் என்று கடுமையாக எதிர்த்து வேறொரு குறியீட்டை முன்வைத்தது. எடுத்த நாடுகளிலும் அது விரும்பினால் போடுவதுதான். ஆகவே வாங்குபவர் கேட்டால் அது அவருடைய வியாபாரத் தேவை, சட்டத் தேவையல்ல.

ஜேர்மன் வாங்குபவர் கேட்கும் ஆவணம் பொதியிடல் பற்றியதாக இருக்க வாய்ப்பு அதிகம். பொதியிடல் கழிவுக்கு 1994 முதல் இருந்தது பணிப்புரை. அதனால் ஒவ்வொரு நாடும் தனித் தனிப் பதிவேடு வைத்தது. ஜேர்மனியில் 2019 முதல் லூசிட் என்ற பதிவேட்டில் இல்லாதவர் பொதி செய்த பண்டத்தை விற்க முடியாது. இப்போது அந்தப் பணிப்புரைக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க ஒழுங்குவிதி வந்திருக்கிறது, 2026 ஓகஸ்ட் 12 முதல் பொதுவாக அமுலாகும் என்று விதிக்கப்பட்டது. பணிப்புரை ஒழுங்குவிதியாக மாறுவது நெருக்கத்தின் தெளிவான அடையாளம். ஆனால் நாட்டுப் பதிவேடுகள் தொடரும், கட்டணங்களும் நாட்டுக்கு நாடு வேறுபடும். யார் பதிவது, நீங்களா இறக்குமதியாளரா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

வரி ஏன் ஒன்றாகவில்லை? வாக்கு முறைதான் காரணம். பெரும்பாலான சட்டங்களுக்கு அமைச்சர்கள் சபையில் தகுதிப் பெரும்பான்மை போதும்: 55 சதவீத நாடுகள், அதாவது 15, அவற்றில் ஒன்றியத்தின் சனத்தொகையில் 65 சதவீதம் இருக்க வேண்டும். வரி போன்ற சிலவற்றுக்கு ஏகமனது வேண்டும். ஒரு சின்ன நாடு எதிர்த்து வாக்களித்தாலும் கதை முடிந்தது. ஆகவே பெறுமதி சேர் வரிக்குப் பொதுவான அமைப்பு உண்டு, பொதுவான விதி விவரங்கள் உண்டு, வழமையான வீதத்துக்கு மட்டும் 15 சதவீதம் என்ற கீழ் எல்லையே. லக்சம்பேர்க்கில் 17, ஜேர்மனியில் 19, ஹங்கேரியில் 27. உணவுக்குக் குறைந்த வீதம் வைக்கலாமா என்பதும் நாட்டின் விருப்பம். உங்கள் கறுவாப் பொதிக்கு ஜேர்மனியில் 7 சதவீதம் என்றால், உணவுக்குக் குறைந்த வீதம் வைக்காத டென்மார்க்கில் 25. சில்லறை விலையைக் கணக்கிடும்போது இந்த 18 புள்ளி இடைவெளியை மறந்தால் டேனிஷ் வாங்குபவர் கேட்கும் விலை உங்களுக்கு அநியாயமாகவே தெரியும்.

நேர்வழி அடைபட்டால் ஒன்றியம் பக்கவழியில் வரும் என்பதற்கும் வரியே உதாரணம். நிறுவன வரி வீதத்தில் அயர்லாந்தை அசைக்க முடியவில்லை, ஆனால் போட்டிச் சட்டம் ஒன்றியத்துக்கே உரியது. அந்த வழியால் போய், அயர்லாந்து ஆப்பிளுக்குக் கொடுத்தது சட்டவிரோத அரச உதவி என்று ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணைக்குழு 2016இல் தீர்மானித்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2024 செப்டெம்பரில் அதை உறுதிப்படுத்தியது, 13 பில்லியன் யூரோ. பெரிய குழுமங்களுக்குக் குறைந்தபட்சம் 15 சதவீதம் என்ற பணிப்புரை 2022 டிசம்பரில்தான் ஏகமனதாக நிறைவேறியது, அதுவும் உலகளாவிய உடன்பாடு ஒன்று வெளியே தயாரான பிறகு.

சுங்கத்தில் இன்னொரு நுணுக்கம். தீர்வை வீதம் எல்லாத் துறைமுகத்திலும் ஒன்றுதான், வசூலில் 75 சதவீதம் ஒன்றியத்துக்கே போகிறது. ஆனால் சுங்க நிர்வாகங்கள் 27, பரிசோதிக்கும் பழக்கமும் தண்டப்பணமும் வேறு வேறு. நெதர்லாந்தில் உரிய அனுமதி பெற்ற இறக்குமதியாளர் இறக்குமதிக்கான பெறுமதி சேர் வரியைத் துறைமுகத்தில் காசாகக் கட்டாமல் தன் வரி அறிக்கையில் கணக்குக் காட்டித் தீர்க்கலாம். கொழும்புத் துறைமுகத்திலிருந்து ஜேர்மனிக்கென்று போகும் கொள்கலன் ஹம்பேர்க்கை விட்டு ரொட்டர்டாமில் இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். பண்டத்தின் சுங்கக் குறியீட்டில் நாட்டுக்கு நாடு தகராறு வரும் என்று பயந்தால் இறக்குமதியாளரைக் கொண்டு கட்டுப்படுத்தும் தீர்வைத் தகவல், அதாவது குறியீட்டைச் சுங்கம் எழுத்தில் உறுதிசெய்யும் தீர்மானம், எடுப்பியுங்கள். ஒரு நாடு கொடுத்தால் மூன்று வருடத்துக்கு எல்லா நாடுகளையும் அது கட்டுப்படுத்தும்.

இனி, நெருக்கம் எப்படி வருகிறது என்பது. சட்டம் இயற்றி வருவது ஒரு வழி. நீதிமன்றம் இன்னொரு வழி. பழமதுவில் 25 சதவீத அல்ககோல் இருக்க வேண்டும் என்று சொல்லி பிரான்ஸின் கசிஸ் மதுவை ஜேர்மனி தடுத்தபோது, ஒரு நாட்டில் சட்டப்படி செய்து விற்கப்படுவதை மற்றது தகுந்த காரணமின்றித் தடுக்க முடியாது என்று 1979இல் தீர்ப்பு வந்தது. சட்டங்கள் வேறாகவே இருக்க, சந்தை மட்டும் ஒன்றானது. மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் சுவாரசியமானது: ஒரு நாட்டின் விலகலே பின்னர் பொதுச் சட்டமாவது. ட்ரான்ஸ் கொழுப்பை மொத்தக் கொழுப்பில் 2 சதவீதத்துக்கு டென்மார்க் 2003இல் தனியாகக் கட்டுப்படுத்தியது. வேறு சில நாடுகள் பின்தொடர்ந்தன. 2021 ஏப்ரலில் அதே அளவு ஒன்றியம் முழுவதற்கும் சட்டமானது. உங்கள் பிஸ்கட்டின் மாஜரினுக்கும் இது பொருந்தும்.

கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைகள் கண்டதும் இதே பாதைதான். பிரான்ஸ் 2017இல் பெரிய கம்பனிகள் தம் விநியோகச் சங்கிலியின் மனித உரிமை நிலையைக் கண்காணிக்கச் சட்டம் செய்தது. ஜேர்மனியின் சட்டம் 2023 ஜனவரியில் அமுலானது, முதலில் 3000 ஊழியருக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு, மறு வருடம் 1000க்கு. கேள்விக்கொத்துகள் இரண்டு மாதிரி வரத் தொடங்கின. 2024இல் ஒன்றியம் பொதுப் பணிப்புரை கொண்டுவந்தது. 2025இல் வியாபார அமைப்புகளின் நெருக்குதலால் அதன் திகதிகளே தள்ளிப்போடப்பட்டன. நெருக்கம் என்பது திரும்பாத பாதை என்று எண்ணுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கொள்கை ஒன்றானால் விளைவும் ஒன்றாகும் என்பதும் தவறான எதிர்பார்ப்பு. 2022இல் யூரோ நாடுகள் அனைத்துக்கும் ஒரே வட்டி வீதம். பணவீக்கமோ எஸ்தோனியாவில் 20 சதவீதத்தைத் தாண்டிய மாதங்கள் உண்டு, பிரான்ஸில் 6 அளவில் நின்றது. ஐரோப்பிய மத்திய வங்கி 2022 ஜூலையிலிருந்து 2023 செப்டெம்பர் வரை வைப்பு வட்டியை மைனஸ் 0.5இலிருந்து 4க்குக் கொண்டுபோனது. ஒரு நாட்டுக்குப் பிந்திய மருந்து, இன்னொன்றுக்கு அதிகப்படியான மருந்து.

நாடு சட்டத்தை மீறினால் என்ன ஆகும்? ஆணைக்குழு முதலில் முறையான கடிதம் அனுப்பும், பிறகு காரணங்காட்டிய கருத்து, பிறகு நீதிமன்றம். தீர்ப்பையும் மதிக்காவிட்டால் இரண்டாம் வழக்கில்தான் வழமையாக அபராதம். பல வருடங்கள் ஓடிவிடும். புகலிட விதிகள் தொடர்பாக ஹங்கேரிக்கு 2024 ஜூனில் 200 மில்லியன் யூரோவும், அதன்மேல் நாளுக்கு ஒரு மில்லியனும் விதித்தது நீதிமன்றம். ஒரு கொள்கலனைத் தவறாகத் தடுத்ததற்காக இந்தப் பாதையில் போய் நியாயம் தேட உங்களால் முடியாது. இறக்குமதியாளர் அந்நாட்டு நீதிமன்றத்துக்குப் போவதே நடைமுறை வழி.

பிரித்தானியாவைத் தனிக் கோப்பில் வையுங்கள். 2021 ஜனவரி முதல் அது வேறு சந்தை, 2023 ஜூனில் தன் சொந்தச் சலுகைத் திட்டத்தையும் தொடங்கிவிட்டது. ஐரோப்பிய சட்டத்தின் பழைய பிரதி அங்கே இன்னும் பெருமளவு இருந்தாலும், இரண்டும் வருடா வருடம் விலகுகின்றன. நோர்வே உறுப்பு நாடல்ல, ஆனால் சந்தைச் சட்டங்களில் பெரும்பகுதியைப் பின்பற்றுகிறது. சுவிற்சர்லாந்து துறை துறையாக உடன்பாடு செய்துகொண்டது. புலம்பெயர்ந்த நம்மவர் கடைகளுக்கு அனுப்புபவர்கள் சூரிச்சையும் பாரிஸையும் ஒரே பட்டியலில் போடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

முன்கூட்டியே அறிய வழி கேட்டீர்கள். சட்டத்தின் வருடமும் இலக்கமும் கையில் இருந்தால் ஒன்றியத்தின் சட்டத் தளமான யூர்லெக்ஸ் இணையத்தளத்தில் உரை இலவசம். பணிப்புரையாக இருந்தால் அதே பக்கத்தில் நாடுவாரியான தேசியச் சட்டங்களின் பட்டியலும் இருக்கும். முதலில் திருத்தங்கள் சேர்த்த ஒருங்கிணைந்த பிரதியைத் திறங்கள். அறிவித்த நாளின் பழைய பிரதியை அச்செடுத்து வைத்துக்கொண்டு வாதாடுபவர்கள் அதிகம். விருப்பத் தெரிவு எங்கே கொடுக்கப்பட்டிருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அந்தக் கேள்வியை மட்டும் வாங்குபவரிடம் எழுத்தில் கேளுங்கள். 'உங்கள் நாட்டில் என்ன சட்டம்' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். 'எங்கள் பிஸ்கட்டை உங்கள் உணவு அதிகார சபை 15க்குள் எடுக்கிறதா 50க்குள் எடுக்கிறதா' என்று கேட்டால் 15 என்றோ 50 என்றோ பதில் வந்தே தீரும்.

இன்னும் வராத விலகல்களைக் காண ட்ரிஸ் என்ற தரவுத்தளம் இருக்கிறது. ஒரு உறுப்பு நாடு பண்டங்களுக்குத் தனியான தொழில்நுட்ப விதி கொண்டுவர நினைத்தால் வரைவை அங்கே அறிவித்துக் குறைந்தது மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அறிவிக்காமல் கொண்டுவந்த விதியை வியாபாரிக்கு எதிராக நீதிமன்றத்தில் பயன்படுத்த முடியாது என்று 1996 முதல் தீர்ப்பு இருக்கிறது. உணவு, பொதியிடல் ஆகிய இரண்டு வகைகளையும் தெரிவுசெய்து மின்னஞ்சல் அறிவித்தலுக்குப் பதிந்துவிட்டால், புதிய லேபல் விதி ஒன்று பாரிஸிலோ கோப்பன்ஹேகனிலோ வரைவாக இருக்கும்போதே உங்களுக்குத் தெரியவரும். அதன் பிறகுதான் பொதி அச்சடிக்கக் கட்டளை கொடுங்கள்.